கூண்டில் ஏறிய நீதிபதிகள்

1805 பிப்ரவரியில் வாஷிங்டனின் செனட் மண்டபம் ஒரு நீதிமன்றமாக மாறியிருந்தது. செனட்டர்களின் இருக்கைகளுக்குச் சிவப்புத் துணி போர்த்தி, வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குத் தனி மேடை போட்டிருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டு வந்து அமர்ந்தவர் சாமுவேல் சேஸ். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி. விசாரணைக்குத் தலைமை ஏற்றவர் துணை அதிபர் ஆரன் பர். ஏழு மாதங்களுக்கு முன்புதான் அவர் அலெக்ஸாண்டர் ஹாமில்டனைத் துப்பாக்கிச் சண்டையில் சுட்டுக் கொன்றிருந்தார். நியூயார்க், நியூஜெர்சி ஆகிய இரண்டு மாநிலங்களில் அவர் மீது குற்றப்பத்திரிகை இருந்தது. கூட்டாட்சி நீதிபதிகளுக்கு ஆயுட்காலப் பதவி ஏன் வேண்டும் என்று 1788இல் மிக வலுவாக வாதாடி எழுதியவர் அந்த ஹாமில்டன்தான்.

ஒரு நீதிபதி தவறு செய்தால் என்ன செய்வது? அந்தக் கேள்வியோடு அமெரிக்கா இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் போராடி வருகிறது. அந்தப் போராட்டத்தின் முதல் பெரிய காட்சி இந்த விசாரணை. அதன் வேர் இன்னும் பின்னால், அரசர் காலத்தில் இருக்கிறது.

இங்கிலாந்தில் 1701ஆம் ஆண்டுச் சட்டம் நீதிபதிகளை அரசரின் கோபத்திலிருந்து காப்பாற்றியது. நடத்தை சரியாக உள்ளவரை அவர்களைப் பதவியிலிருந்து இறக்க முடியாது. கடலுக்கு மறுபக்கம், அமெரிக்கக் காலனிகளில், அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. அங்கே அரசர் விரும்பும்வரைதான் பதவி. 1772இல் இன்னொரு அடி விழுந்தது. மாசசூசெட்ஸ் உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கு அதுவரை மக்கள் சபை சம்பளம் கொடுத்து வந்தது. இனி அரசரின் கருவூலம் கொடுக்கும் என்று லண்டன் முடிவெடுத்தது. எதிர்ப்பைக் கண்டு மற்ற நீதிபதிகள் அந்தப் பணம் வேண்டாம் என்று ஒதுங்கினார்கள். தலைமை நீதிபதி பீட்டர் ஆலிவர் மட்டும் வாங்கிக்கொண்டார். 1774இல் மக்கள் சபை அவர் மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டைக் கொண்டுவந்தது. ஆளுநர் அதை ஏற்க மறுத்துவிட்டார். அந்த ஆகஸ்டில் பாஸ்டன் நீதிமன்றத்துக்கு ஜூரிகளாக அழைக்கப்பட்டவர்கள் ஆலிவரின் முன் சத்தியப் பிரமாணம் எடுக்க மாட்டோம் என்று எழுந்து சொன்னார்கள். அவர்களில் ஒருவர் வெள்ளிப் பட்டறைக்காரர் பால் ரெவியர்.

ஆகவே 1776ஆம் ஆண்டுப் பிரகடனத்தில் அரசருக்கு எதிரான புகார்ப் பட்டியல் எழுதப்பட்டபோது, நீதிபதிகளின் பதவியையும் சம்பளத்தையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டார் என்ற குற்றமும் அதில் ஏறியது. 1787இல் அரசியலமைப்பை எழுதியவர்கள் மூன்றாம் பிரிவில் அதற்கு மருந்து தேடினார்கள். கூட்டாட்சி நீதிபதிக்கு நன்னடத்தை உள்ளவரை பதவி; பதவியில் இருக்கும்வரை சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. வெளியேற்ற ஒரே வழி, பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டி, செனட் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு தீர்ப்புச் சொல்வது.

மிக உறுதியான ஏற்பாடு இது. ஆனால் அதில் ஒரு பெரிய வெற்றிடம் இருந்தது. பதவியில் முழுமையாக நீடிப்பதற்கும் பதவியை முற்றாக இழப்பதற்கும் இடையே படிகளே இல்லை. கண்டிக்க ஓர் இடம், விசாரிக்க ஒரு குழு, நோயுற்ற நீதிபதிக்கு ஓய்வு தர ஒரு வழி, எதையும் யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்த வெற்றிடம் உடனேயே தெரிந்தது. நியூஹாம்ப்ஷயர் மாவட்ட நீதிபதி ஜான் பிக்கரிங் மனநலம் குன்றி, குடிபோதையில் நீதிமன்றத்துக்கு வந்தார். அவர் லஞ்சம் வாங்கியதாகவோ பெருங்குற்றம் புரிந்ததாகவோ யாரும் சொல்லவில்லை. தந்தைக்குச் சித்தம் சரியில்லை என்று மகனே செனட்டில் மனுக் கொடுத்தார். ஆனாலும் கையில் இருந்த ஒரே ஆயுதம் பதவிநீக்கம்தான். 1804 மார்ச் 12 அன்று, ஒரு நோயாளியைக் குற்றவாளி என்று தீர்த்து செனட் வெளியேற்றியது. அதே நாளில் பிரதிநிதிகள் சபை அடுத்த இலக்கைக் குறிவைத்தது: சாமுவேல் சேஸ்.

சேஸ் நல்ல நீதிபதியாக நடந்துகொண்டார் என்று யாரும் வாதாட முடியாது. 1800இல் ஜான் ஃப்ரைஸ் என்பவரின் தேசத்துரோக வழக்கில், பிரதிவாதியின் வழக்கறிஞர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே சட்டம் இதுதான் என்று தன் முடிவை எழுதிக் கையில் கொடுத்தார். அவர்கள் வழக்கை விட்டே விலகினார்கள். ஃப்ரைஸுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதிபர் ஆடம்ஸின் மன்னிப்பால் உயிர் பிழைத்தார். அதே ஆண்டு ரிச்மண்டில், ஆடம்ஸைத் தாக்கி எழுதிய ஜேம்ஸ் காலண்டரை ஒன்பது மாதம் சிறைக்கு அனுப்பினார். 1803இல் பால்டிமோரில் ஜூரிகளுக்குச் சட்டம் விளக்க வேண்டிய இடத்தில், ஆளும் ஜெஃபர்சன் கட்சியின் கொள்கைகளை வசைபாடினார்.

எட்டுக் குற்றச்சாட்டுகள் வந்தன. செனட்டில் மொத்தம் 34 பேர். அதில் ஜெஃபர்சன் கட்சிக்காரர்கள் 25. தேவை 23 வாக்குகள். கட்சிக் கணக்கு பார்த்தால் சேஸின் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மார்ச் 1 அன்று ஒவ்வொரு குற்றச்சாட்டாக வாக்கெடுத்தார்கள். பால்டிமோர்ப் பேச்சு பற்றிய கடைசிக் குற்றச்சாட்டுக்குக்கூட 19 வாக்குகள்தான் கிடைத்தன. ஒரு குற்றச்சாட்டை 34 பேரும் ஒருமனதாகத் தள்ளினார்கள். ஆளும் கட்சியைச் சேர்ந்த ஆறு செனட்டர்கள் எல்லாக் குற்றச்சாட்டிலும் சேஸை விடுவித்தார்கள். குற்றத்தரப்பை நடத்திய ஜான் ராண்டால்ஃப் அன்றே ஆத்திரத்தோடு போய், காங்கிரஸ் கேட்டுக்கொண்டால் அதிபரே நீதிபதியை நீக்கலாம் என்று அரசியலமைப்பைத் திருத்த ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அது எங்கும் போகவில்லை. சேஸ் 1811இல் இறக்கும்வரை பதவியில் இருந்தார்.

அந்த ஆறு பேருக்கு அமெரிக்க நீதித்துறை கடன்பட்டிருக்கிறது. சேஸின் நடத்தையை அவர்கள் விரும்பவில்லை. ஆனால் தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதற்காக நீதிபதியை விரட்டினால், அடுத்த தேர்தலில் வெல்பவர் அடுத்த நீதிபதியை விரட்டுவார் என்பதை உணர்ந்திருந்தார்கள். அதன்பின் எந்த உச்ச நீதிமன்ற நீதிபதி மீதும் பிரதிநிதிகள் சபை பதவிநீக்கக் குற்றச்சாட்டை நிறைவேற்றியதில்லை. இன்றுவரை செனட் நீக்கியவர்கள் எட்டுக் கூட்டாட்சி நீதிபதிகள் மட்டுமே. ஊழல், வரி ஏய்ப்பு, பொய்ச் சாட்சி, தென்மாநிலக் கிளர்ச்சியோடு சேர்ந்துகொண்டது என்று அவர்களில் பெரும்பாலோரின் கதை நடத்தையைப் பற்றியதே.

ஆனால் அந்த விடுதலைக்கு ஒரு விலை இருந்தது. தீர்ப்பைப் பாதுகாத்த மதில், தவறான நடத்தையையும் சேர்த்து மறைத்தது. பதவிநீக்கம் மிகப் பெரிய விஷயம் ஆகிவிட்டதால் சின்னத் தவறுகளை, ஏன், நடுத்தரத் தவறுகளையும் கேட்க ஆளில்லாமல் போனது. 1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தபோது, பதவியேற்கவிருந்த அதிபர் ஜேம்ஸ் புக்கானன் நீதிபதிகள் கேட்ரன், க்ரியர் ஆகியோருக்குக் கடிதம் எழுதினார். க்ரியர் பெரும்பான்மையோடு சேர்ந்துகொள்வதாகப் பதில் எழுதினார். மார்ச் 4 அன்று புக்கானன் பதவியேற்பு உரையில், வரப்போகும் தீர்ப்பு எதுவானாலும் பணிந்து ஏற்பேன் என்று நாட்டுக்குச் சொன்னார். மார்ச் 6 அன்று, கறுப்பினத்தவர் குடிமக்களாக முடியாது என்ற தீர்ப்பு வந்தது. கடிதப் போக்குவரத்துக்காக எந்த நீதிபதியும் எந்தக் கேள்வியையும் எதிர்கொள்ளவில்லை.

கேள்வி கேட்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது, விந்தையாக, பேஸ்பால்.

கெனெசா மவுண்டன் லாண்டிஸ் சிகாகோவின் கூட்டாட்சி மாவட்ட நீதிபதி. 1907இல் ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்துக்கு 2,92,40,000 டாலர் அபராதம் போட்டுப் பெயர் வாங்கியவர். மேல்முறையீட்டில் அந்த அபராதம் நிற்கவில்லை. ஆனால் பெயர் நின்றது. 1915இல் புதிதாகத் தோன்றிய ஃபெடரல் லீக், பழைய பேஸ்பால் லீகுகளின் ஏகபோகத்தை எதிர்த்து அவர் முன் வழக்குப் போட்டது. லாண்டிஸ் கிட்டத்தட்ட ஓராண்டு தீர்ப்புச் சொல்லாமல் வைத்திருந்தார். அதற்குள் பணம் கரைந்த ஃபெடரல் லீக் சமரசத்துக்கு வந்து மறைந்துபோனது. பழைய லீகுகளின் உரிமையாளர்கள் இதை மறக்கவில்லை. 1919 உலகத் தொடரில் சிகாகோ வீரர்கள் பணம் வாங்கிக்கொண்டு தோற்றது அம்பலமாகி, விளையாட்டின் மானத்தைக் காக்க ஒருவர் தேவைப்பட்டபோது, 1920 நவம்பரில் அவர்கள் நேராக லாண்டிஸின் நீதிமன்றத்துக்கே வந்தார்கள்.

ஆண்டுக்கு 50,000 டாலர் தருவதாகச் சொன்னார்கள். நீதிபதியாக அவருக்குக் கிடைத்தது 7,500 டாலர். லாண்டிஸ் வேலையை ஏற்றார், நீதிபதிப் பதவியையும் விடவில்லை. அந்த 7,500ஐ மட்டும் புதிய சம்பளத்தில் கழித்துக்கொண்டார். காலையில் வழக்கு, மாலையில் பேஸ்பால். நாடு முகம் சுளித்தது. காங்கிரஸில் பெஞ்சமின் வெல்டி பதவிநீக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். ஆனால் நீதிபதி இன்னொரு சம்பளம் வாங்கக் கூடாது என்று சொல்லும் சட்டம் எங்கே? அப்படி ஒன்று இல்லவே இல்லை. 1921இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. 1922இல் லாண்டிஸ் நீதிபதிப் பதவியை உதறினார். பேஸ்பால் தலைமையில் 1944இல் சாகும்வரை இருந்தார்.

அந்த அவமானத்திலிருந்து பிறந்தவைதான் அமெரிக்க நீதிபதிகளுக்கான முதல் நடத்தை நெறிகள். வழக்கறிஞர் சங்கம் அமைத்த குழுவுக்குத் தலைவர் வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட்; முன்னாள் அதிபர், அப்போது உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி. 1924இல் நெறிகள் வெளிவந்தன. நீதிபதியின் நடத்தையில் குற்றம் இல்லாமல் இருப்பது மட்டும் போதாது, குற்றம் இருப்பதுபோலத் தோன்றவும் கூடாது என்ற கருத்து அதன் மையமாக இருந்தது. அந்த நெறியின் கடுமையை டாஃப்டின் சொந்த வாழ்க்கையே காட்டுகிறது. எஃகு அதிபர் கார்னெகியின் உயில்படி ஆண்டுக்கு 10,000 டாலர் அவருக்கு வந்துகொண்டிருந்தது. தலைமை நீதிபதியான பிறகும் அதை அவர் வாங்கினார், பத்திரிகைகளில் விமர்சனமும் வந்தது. நெறிகளுக்கோ யாரையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் கிடையாது. அவை அறிவுரை மட்டுமே.

அறிவுரை எவ்வளவு தூரம் போகும் என்பதை நியூயார்க்கின் மார்ட்டின் மாண்டன் காட்டினார். இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மூத்த நீதிபதி. லர்னட் ஹேண்ட் போன்ற மேதைகள் அவருக்குக் கீழே அமர்ந்திருந்தார்கள். நீதிபதியாக இருந்துகொண்டே நிலம், ஹோட்டல், வியாபாரம் என்று பல தொழில்கள் செய்தார். 1929இன் வீழ்ச்சியில் அவை சரிந்தபோது, தன் முன் வழக்கு வைத்திருந்தவர்களிடமே கடன் வாங்க ஆரம்பித்தார். கடன் என்று பெயர், திருப்பிக் கொடுப்பதில்லை. மின் ஷேவர் காப்புரிமை வழக்குகூட அப்படி விலை போனது. 1939 ஜனவரியில் மாவட்ட அரசு வழக்கறிஞர் தாமஸ் டூயி, மாண்டன் கைக்கு வந்த தொகை நான்கு லட்சம் டாலருக்கு மேல் என்று பட்டியலிட்டு காங்கிரஸுக்குக் கடிதம் எழுதினார். மாண்டன் உடனே ராஜினாமா செய்தார். ஜூனில் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. இரண்டு ஆண்டு சிறை, 10,000 டாலர் அபராதம்.

மேல்முறையீட்டில் அவர் வைத்த வாதம் முக்கியமானது. பணம் வந்ததோ இல்லையோ, என் தீர்ப்புகள் சட்டப்படி சரியானவை. பல தீர்ப்புகளில் மற்ற நீதிபதிகளும் என்னோடு ஒத்துப்போனார்கள். அப்படியிருக்க நீதிக்கு என்ன கெடுதல் நேர்ந்தது? ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி சதர்லாந்து அதைத் தள்ளினார். தீர்ப்பு சரியோ தவறோ, அது விற்பனைக்கு வரக் கூடாது. குற்றம் விற்றதில்தான் இருக்கிறது என்றார். லஞ்சத்துக்குக் கிடைத்த நியாயமான தீர்ப்பும் லஞ்சத் தீர்ப்பே. இந்த வழக்கின் மிகப் பெரிய கொடை இந்தத் தெளிவுதான்.

அதே 1939 ஆகஸ்டில் காங்கிரஸ் இயற்றிய ஒரு சட்டத்தைப் பலர் கவனிப்பதில்லை. அதுவரை கூட்டாட்சி நீதிமன்றங்களின் கணக்கு வழக்கு, ஊழியர், பட்ஜெட் எல்லாம் நீதித்துறை அமைச்சகத்தின் கையில் இருந்தன. கூட்டாட்சி நீதிமன்றங்களில் அதிகமாக வழக்காடுபவரும் அந்த அமைச்சகமே! வழக்காடும் கட்சிக்காரரே நீதிபதியின் காகிதத்துக்கும் மைக்கும் பணம் ஒதுக்கும் நிலை கிட்டத்தட்ட எழுபது ஆண்டுகள் நீடித்திருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதிபர் ரூஸ்வெல்ட், தன் திட்டங்களைத் தள்ளிய உச்ச நீதிமன்றத்தில் ஆறு நீதிபதிகள்வரை புதிதாகச் சேர்க்க முயன்று செனட்டில் தோற்றிருந்தார். அந்தச் சூட்டில்தான் இந்த மாற்றம் சாத்தியமானது. 1939ஆம் ஆண்டுச் சட்டம் நிர்வாகத்தை அமைச்சகத்திடமிருந்து பிரித்து, நீதிபதிகளே மேற்பார்வை செய்யும் தனி அலுவலகத்திடம் கொடுத்தது. கூடவே ஒவ்வொரு வட்டாரத்திலும் நீதிபதிகள் மன்றம் ஒன்றை அமைத்து, தங்கள் வட்டார வேலையைச் சரியாக நடத்தும் பொறுப்பை அதன் தலையில் வைத்தது. சுதந்திரமும் பொறுப்பும் ஒரே காகிதத்தில் வந்தன.

அந்த மன்றங்களுக்கு எவ்வளவு அதிகாரம்? 1965 டிசம்பரில் பத்தாம் வட்டார மன்றம், ஓக்லஹோமா நீதிபதி ஸ்டீஃபன் சாண்ட்லருக்கு இனி வழக்கே கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. பதவி இருக்கும், சம்பளம் வரும், வேலை இருக்காது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1970இல் முடிந்தது. சாண்ட்லருக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. நீதிபதிகள் ஹ்யூகோ பிளாக், வில்லியம் டக்ளஸ் இருவரும் கடுமையாக மாறுபட்டு எழுதினார்கள். நீதிபதியை மிரட்ட வெளியாரால் மட்டுமல்ல, சக நீதிபதிகளாலும் முடியும் என்ற அவர்களின் அச்சம் இன்றைக்கும் பொருளுள்ளது.

அடுத்த அடி உச்ச நீதிமன்றத்துக்குள்ளேயே விழுந்தது. நீதிபதி ஏப் ஃபோர்டஸ், பங்குச் சந்தைக் குற்ற விசாரணையில் சிக்கியிருந்த லூயிஸ் உல்ஃப்சனின் அறக்கட்டளையிடம் 20,000 டாலர் வாங்கிப் பிறகு திருப்பிக் கொடுத்ததை 1969 மே மாதம் லைஃப் பத்திரிகை வெளியிட்டது. பத்து நாட்களுக்குள் அவர் ராஜினாமா செய்தார். அந்த இடத்துக்கு அதிபர் நிக்சன் நியமித்த கிளமென்ட் ஹேன்ஸ்வொர்த்தை செனட் 45க்கு 55 என்ற கணக்கில் தள்ளியது. தன் பங்குகளோடு சம்பந்தப்பட்ட வழக்குகளில் அவர் அமர்ந்திருந்தார் என்பது முக்கியப் புகார்களில் ஒன்று. பிறகு சட்டங்கள் வேகமாக வந்தன. 1972இல் வழக்கறிஞர் சங்கத்தின் புதிய நடத்தை விதி. அடுத்த ஆண்டு கூட்டாட்சி நீதிபதிகள் அதை ஏற்றார்கள். 1974இல், ஒரு பங்கு வைத்திருந்தாலும் நீதிபதி அந்த நிறுவனத்தின் வழக்கிலிருந்து விலக வேண்டும் என்ற சட்டம். 1978இல் சொத்து விவரம் வெளியிடும் கடமை. 1980இல், எந்தக் குடிமகனும் ஒரு கூட்டாட்சி நீதிபதி மீது புகார் எழுதிக் கொடுக்கலாம் என்ற நடைமுறை.

1980ஆம் ஆண்டுச் சட்டம் சேஸ் வழக்கின் பாடத்தை மறக்கவில்லை. தீர்ப்பு தவறு என்று மட்டும் சொல்லும் புகாரை வட்டாரத் தலைமை நீதிபதி தள்ளிவிட வேண்டும். அதற்கு மேல்முறையீடு இருக்கிறது. நடத்தையைப் பற்றிய புகாரைத்தான் விசாரிக்கலாம். கண்டிக்கலாம், சில காலம் வழக்கு தராமல் நிறுத்தலாம். பதவியை மட்டும் தொட முடியாது. நெவாடாவின் ஹாரி கிளைபார்ன் வரி ஏய்ப்புக்காக 1986இல் சிறைக்குப் போனபோது, ஆண்டுக்கு 78,700 டாலர் நீதிபதிச் சம்பளம் சிறைக்குள்ளும் வந்துகொண்டிருந்தது. பிரதிநிதிகள் சபை 406க்குப் பூஜ்யம் என்று குற்றம் சாட்டி, அக்டோபரில் செனட் நீக்கிய பிறகுதான் அது நின்றது.

ஓட்டைகள் வேறு பக்கமும் தெரிந்தன. 2017 டிசம்பரில் ஒன்பதாம் வட்டாரத்தின் அலெக்ஸ் கோசின்ஸ்கி, தன்னிடம் வேலை பார்த்த இளம் பெண் வழக்கறிஞர்கள் சொன்ன பாலியல் சீண்டல் புகார்களுக்குப் பின் ஓய்வு பெற்றார். பதவியை விட்டவரை விசாரிக்கத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி, நீதிபதிகள் மன்றம் கோப்பை மூடியது. புகார் சொன்ன பெண்களுக்கு ஒரு முடிவும் கிடைக்கவில்லை. இது அநீதி. 2019இல் விதிகள் திருத்தப்பட்டாலும், ராஜினாமா என்ற பின்வாசல் திறந்தேதான் இருக்கிறது. 2021இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல், 2010 முதல் 2018 வரை 131 கூட்டாட்சி நீதிபதிகள் தாங்களோ குடும்பத்தாரோ பங்கு வைத்திருந்த நிறுவனங்களின் 685 வழக்குகளைச் சட்டத்துக்கு மாறாகக் கையாண்டிருந்ததைக் கணக்கெடுத்து அச்சிட்டது. 1974ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும் இந்த நிலை. சொத்து விவரங்கள் காகிதக் கோப்புகளில் தூங்கியதால் யாராலும் ஒப்பிட்டுப் பார்க்க முடியவில்லை. 2022 மே மாதம் வந்த சட்டம் அந்த விவரங்களை இணையத்தில் தேடும்படி வைக்கவும், பங்கு வாங்கி விற்றதை 45 நாட்களுக்குள் தெரிவிக்கவும் கட்டளையிட்டது.

இவ்வளவு அடுக்கிலும் ஒன்பது பேர் மட்டும் வெளியே நின்றார்கள். 1980ஆம் ஆண்டுப் புகார் நடைமுறை உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்குப் பொருந்தாது. விலகுவதா வேண்டாமா என்பதை ஒவ்வொருவரும் தானே முடிவு செய்கிறார். 2004இல் துணை அதிபர் டிக் செனியோடு வாத்து வேட்டைக்குப் போய்வந்த நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா, செனி சம்பந்தப்பட்ட வழக்கிலிருந்து விலக மறுத்து 21 பக்க விளக்கம் எழுதினார். அந்த விளக்கத்தை எடைபோட அவருக்கு மேலே ஆளில்லை. 2023 ஏப்ரலில், நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் பல ஆண்டுகளாகக் கோடீஸ்வரர் ஹார்லன் க்ரோவின் செலவில் தனி விமானத்திலும் உல்லாசப் படகிலும் பயணம் செய்ததை புரோபப்ளிகா செய்தி நிறுவனம் வெளியிட்டது. அந்தப் பயணங்கள் சொத்து அறிக்கைகளில் இல்லை. நெருங்கிய நண்பர்களின் விருந்தோம்பலைச் சொல்லத் தேவையில்லை என்று தனக்கு ஆலோசனை கிடைத்ததாகத் தாமஸ் விளக்கினார். செனட் குழு தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸை அழைத்தது. அதிகாரப் பிரிவினையைச் சுட்டி அவர் வர மறுத்தார்.

2023 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் தன் வரலாற்றிலேயே முதல்முறையாக எழுத்து வடிவ நடத்தை விதிகளை வெளியிட்டது. ஒன்பது பேரும் கையெழுத்திட்டார்கள். புகாரை வாங்க ஓர் அலுவலகமோ விசாரிக்க ஒருவரோ அதில் இல்லை. அடுத்த ஆண்டு ஜூலையில், கலிஃபோர்னியாவில் நடந்த ஒன்பதாம் வட்டார நீதிபதிகள் மாநாட்டில் நீதிபதி எலினா கேகன் அந்தக் குறையை வெளிப்படையாகவே சொன்னார். அனுபவமும் நற்பெயரும் உள்ள கீழமை நீதிபதிகள் சிலரைத் தலைமை நீதிபதி ஒரு குழுவாக நியமிக்கலாம். அவர்கள் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மீதான புகார்களைப் பார்க்கட்டும் என்பது அவருடைய யோசனை. பொய்ப் புகாருக்கு ஆளாகும் நீதிபதிக்கும் அந்தக் குழுவே பாதுகாப்பாக இருக்கும் என்றும் அவர் சொன்னார்.